ஈரம் காய்வதற்குள் எண்ணெய்

முப்பது வருடம் அடுத்தவர் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஜோசியம் பார்த்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். தொழுநோய்க் கட்டுப்பாட்டு வேலை. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. 'தேமல் சார்' என்பார்கள். உடம்பில் வெளுத்த தேமல் இருக்கிறதா, இருந்தால் அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவன் என்பதால் வந்த பெயர். என் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, "யாருப்பா இது மாப்பிள்ளை?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு.

போன மாதம், எங்கள் பழைய பிரிவில் இப்போது வேலை பார்க்கும் பெண் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல சுறுசுறுப்பான பெண். நோயாளிகளுக்குக் கை வறண்டு வெடிக்கிறது, பூசும் களிம்பு வரத் தாமதமாகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். "உங்க காலத்துல என்ன சார் கொடுத்தீங்க?" என்று கேட்டார். "தண்ணி" என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வயதானால் கோபம் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவர் போன பிறகு, பாவம், கேட்டதில் என்ன தப்பு என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

இந்த நோய் விரலைத் தின்றுவிடும் என்று அன்று ஊரே நம்பியது. அப்படியெல்லாம் இல்லை. நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் உணர்ச்சி போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடவே வேர்வையும் போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. வேர்க்காத தோல் காய்ந்து தடித்து, மடிப்புகளில் வெடிக்கும். வெடித்தது வலிக்காது. வலிக்காததால் அந்தக் கையோடு அரிவாள் பிடிப்பார்கள், சூடான பாத்திரத்தை இறக்குவார்கள், சாணி அள்ளுவார்கள். வெடிப்பு புண்ணாகி, புண் எலும்பு வரை போகும். விரல் குட்டையாவது அப்படித்தான். ஆக, ஒரு மனிதருடைய பத்து விரலும் மிஞ்சுமா என்பது உள்ளங்கையின் ஈரத்தில் இருந்தது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நரம்புகளின் பெயர்களை ஆறு மாதம் மனப்பாடம் செய்தேன், பாதியை மறந்தேன், வேலை கிடைத்தது. உண்மையில் வேலை கற்றது ஸ்டெல்லா மேடத்திடம். எழுபதுகளின் நடுவில் எங்கள் நிலையத்துக்கு உடலியக்கப் பயிற்சி நிபுணராக வந்தவர். என்னைவிட ஐந்து வயது சின்னவர். எனக்கு மேலதிகாரி. அந்த வயதில் எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது என்பதை மறைக்கமாட்டேன்.

அவர் யாரையும் முதலில் முகத்தில் பார்க்கமாட்டார். கையைத்தான் பார்ப்பார். நோயாளி வந்து உட்கார்ந்ததும் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் விரித்த வெள்ளைத் துண்டின் மேல் வைத்துக்கொள்வார். பிறகு தன் விரல்களின் பின்பக்கத்தால் அந்த உள்ளங்கையை மெல்லத் தடவிக்கொண்டே போவார். வேர்வை உள்ள இடத்தில் விரல் லேசாகப் பிடித்துப் பிடித்து நகரும். வேர்வை செத்த இடத்தில் சட்டென்று வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த எல்லையைக் கண்டுபிடித்து மையால் ஒரு கோடு போடுவார். அப்புறம் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் அங்கங்கே தொடுவார். தொட்ட இடத்தை அவர்கள் மறு கையால் காட்ட வேண்டும். வேர்க்காத பக்கத்தில் தொட்டால் அவர்கள் கண்ணை மூடியபடி, அடுத்த தொடுதல் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த முகங்களை நான் இன்னும் கனவில் பார்க்கிறேன். ஏதோ தூரத்தில் கேட்கும் சத்தத்துக்குக் காது கொடுப்பவர்களைப் போல இருப்பார்கள்.

இதற்கு வைத்தியம் என்று இருந்தது மூன்றே வேலை. கையை நல்ல தண்ணீரில் இருபது நிமிடம் ஊற வைக்க வேண்டும். தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லில் தேய்க்க வேண்டும். துடைக்காமல், ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். காய்ந்த கையில் எண்ணெய் தடவினால் பளபளப்புதான் மிச்சம். ஈரக் கையில் தடவினால் உறிஞ்சிய தண்ணீர் உள்ளேயே தங்கும்.

நான் அவரிடம் வேலை கற்க ஆரம்பித்த முதல் வாரமே மேடம் இரண்டு பேசின்களில் தண்ணீர் ஊற்றி மேஜைமேல் வைத்தார். டைம்பீஸைத் திருகி எதிரில் வைத்தார். "வைங்க சார்" என்றார். எனக்கு எதற்கு என்றேன். "இருபது நிமிஷம்னா எவ்வளவு நேரம்னு தெரியாம ஜனங்ககிட்டப் போய்ச் சொல்லக்கூடாது" என்றார். அப்படி ஒரு மாதம், தினமும் காலையில், இருவரும் எதிரெதிரே கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் நாள் மூக்கு அரித்தது. இரண்டாம் நாள் ஈ வந்தது. நாலாம் நாளுக்கு மேல் என்னவோ ஆகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஏரிக்கரை, அதற்கு மேல் ஒரு துண்டு வானம். அந்தத் துண்டு வானம் பேசினுக்குள்ளும் இருந்தது. விரலை அசைத்தால் கலங்கி, நிறுத்தினால் சேர்ந்துகொள்ளும். கை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத ஒரு கட்டம் வரும். மேடம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். டைம்பீஸ் அடித்ததும் இருவருக்கும் தூக்கிவாரிப் போடும். அவ்வளவு அமைதியாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

அந்தச் சுகத்தை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். அங்கேதான் என் அறிவு வேலை செய்தது. ஊருக்கு ஊர், கோயில் மரத்தடியில் வரிசையாக அலுமினியப் பேசின்களைப் பரப்பி, நோயாளிகளை உட்கார வைத்து ஊற வைத்தேன். வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. நல்ல பிரசாரம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். இரண்டு மாதத்தில் அந்தப் பக்கமெல்லாம் ஒரு புதுப் பேச்சு கிளம்பிவிட்டது. நோய்ப் பெயரைச் சொல்லாமல், "அவன் கை ஊறவெக்கிறவன்பா" என்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் போதும், அவன் டீக்கடைப் பக்கம் போக முடியாது. வைத்தியத்தையே வசவாக்கிக் கொடுத்தவன் நான்தான்.

இந்த நிலையில்தான் காவாந்தண்டலத்தில் பச்சையம்மாவைக் கண்டுபிடித்தேன். முப்பது வயதிருக்கும். நடவுக்குப் போகிறவள். போகிறவள் என்பதைவிட, நடவு வரிசைக்கே தலைவி என்று சொல்ல வேண்டும். எந்தக் கழனிக்கு எத்தனை பேர் வேண்டும் என்று நிலத்துக்காரர் சொன்னால், அத்தனை பெண்களையும் சேர்த்துக் கூட்டிப்போய், வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும், அதன் கீழே உள்ளங்கையும் வேர்க்கவில்லை. நான் என் விரலின் பின்பக்கத்தால் தடவியபோது பாதிக் கை பிடித்தது, பாதிக் கை வழுக்கியது. மடிப்பில் இரண்டு வெடிப்பு. விரல் இன்னும் மடங்கவில்லை. சரியாகப் பார்த்துக்கொண்டால் முழுசாகக் காப்பாற்றலாம்.

அவளுக்கு மாத்திரை சாப்பிடுவதில் தயக்கமில்லை. வாலாஜாபாத் சந்தைக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன், வூட்டுப் பக்கம் வராதீங்க என்றாள். ஊற வைப்பதைச் சொன்னதும்தான் முகம் மாறியது.

"இருவது நிமிசம் கைய தண்ணில வெச்சிக்கினு குந்தினேன்னா ஊருக்கே தெரிஞ்சிடும் சார். அப்பால எம்பக்கத்துல எவ நிப்பா?"

பக்கத்தில் யாரும் நிற்கவில்லை என்றால் வரிசை இல்லை. வரிசை இல்லை என்றால் வேலை இல்லை, சோறு இல்லை. அதுவும் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் கன்னியம்மா. அந்தப் பெயரைக் கேட்டாலே நான் சைக்கிளைத் திருப்பிவிடுவேன். கன்னியம்மா காதில் ஒரு விஷயம் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் அது செய்யாற்றைத் தாண்டிவிடும் என்பார்கள். தேமல் பார்க்க அவள் வீட்டுக்குப் போனபோது, என் சட்டைக் காலர் கிழிந்திருப்பதைத் தெருவுக்கே அறிவித்தவள்.

பச்சையம்மா இன்னொன்றும் கேட்டாள். "நாள் பூரா தண்ணிலதான சார் கீது இந்தக் கை? அப்புறம் இன்னாத்துக்குத் தனியா ஊறணும்?" நான் யோசிக்கவே இல்லை. ஊறத்தான் வேண்டும், அதுதான் முறை என்று புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்துவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

அடுத்த மாதம் சந்தையில் பார்த்தபோது வெடிப்பு ஆழமாகியிருந்தது. அதற்கடுத்த மாதம் ஒன்றில் சீழ். அவள் அதைத் தன் முந்தானையில் மறைத்துக்கொண்டு, வலியே இல்லை சார் என்று சிரித்தாள். வலித்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எனக்கு அந்தக் கையே நினைப்பாக இருந்தது. சாப்பிடும்போது என் சுண்டுவிரலைப் பார்ப்பேன், அவள் ஞாபகம் வரும்.

அந்த நினைப்போடுதான் ஒரு காலை காவாந்தண்டலம் கழனிப் பக்கம் சைக்கிளில் போனேன். நடவு நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பெண்கள் குனிந்தபடி பின்னால் பின்னால் நகர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். தண்ணீரில் மேகம் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் மேகத்தில் நாற்றை ஊன்றுவது போல இருந்தது. நான் அதைப் பார்த்தபடியே சைக்கிளை நிறுத்திவிட்டு வரப்பில் ஏறினேன். பச்சையம்மாவின் கை சேற்றுக்குள் போய்ப் போய் வந்தது. எனக்குள் என்ன புகுந்ததோ, இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது, அங்கிருந்தே சத்தமாகக் கேட்டேன்.

"பச்சையம்மா, கை ஊற வைக்கிறியா, இல்லையா?"

வரிசை நின்றுவிட்டது. ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. என்ன சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. பச்சையம்மா மெதுவாக நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அரிசி ஊற வெச்சிகீறேன் சார், இட்லிக்கு. வூட்டாண்ட வாங்க, துன்னுட்டுப் போலாம்" என்றாள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் நிமிரவே இல்லை. குனிந்தபடி நட்டுக்கொண்டே இருந்தாள். அப்பாடா, அவள் காதில் விழவில்லை என்று நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இறங்கினேன்.

நிலையத்துக்குத் திரும்பி, மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. தன் வெள்ளைத் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே வரப்புல நின்னா வணக்கம் மட்டும் சொல்லுங்க சார்" என்றார். பிறகு, அந்தம்மா வேறு என்ன சொன்னார்கள் என்று கேட்டார். நாள் பூரா தண்ணீரில்தானே இருக்கிறது என்று கேட்டதைச் சொன்னேன். மேடம் துண்டை வைத்துவிட்டார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். "அவங்க கேட்டது சரிதானே. ஊறல் கழனியிலேயே முடிஞ்சுடுது. எண்ணெய்தான் பாக்கி" என்றார்.

இவ்வளவு எளிய விஷயம் எனக்குத் தோன்றவில்லை. கழனியிலிருந்து ஏறி, அவள் வீட்டுக்கு ஒன்றரை மைல் நடக்கிறாள். அந்த வெயிலிலும் காற்றிலும், நாளெல்லாம் ஊறிய கை வறட்டியாகக் காய்ந்துவிடுகிறது. கால்வாயில் சேற்றைக் கழுவிய கையோடு, வரப்பிலேயே எண்ணெய் தடவிவிட்டால் போதும். ஆனால் அதை எல்லோர் எதிரிலும் செய்ய வேண்டும். அதற்குத்தானே அவள் பயந்தாள்.

அடுத்த சந்தையில் ஒரு சின்னப் பாட்டிலில் கடலை எண்ணெய் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். சீழ் வைத்த வெடிப்பைக் கழுவிக் கட்டி, அது ஆறும் வரை சேற்றில் இறங்க வேண்டாம் என்றேன். அவள் பாட்டிலை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டு போனாள். தடவுவாள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். இந்த முறை வரப்பில் ஏறவில்லை, ரோட்டோரம் நின்றேன். சாயங்கால வெயில். நடவு முடிந்து பெண்கள் கால்வாயில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கரையேறி, சொட்டச் சொட்டக் கையை நீட்டினாள். பச்சையம்மா ஒவ்வொரு கையிலும் இரண்டு சொட்டு விட்டாள். பன்னிரண்டு பேரும் வரிசையாக வரப்பில் உட்கார்ந்து, யாரும் பேசாமல், உள்ளங்கையோடு உள்ளங்கை தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெயிலில் இருபத்துநாலு கையும் மின்னின. நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அந்தக் காட்சி நிஜமாகவே நடந்ததா என்று இப்போதும் சில சமயம் சந்தேகம் வருகிறது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எப்படிச் சாதித்தாய் என்று சந்தையில் கேட்டேன். சேற்றுப்புண் வராமல் இருக்க ஆஸ்பத்திரியில் புதுசாக எண்ணெய் கொடுக்கிறார்கள் என்று அள்ளிவிட்டாளாம். எல்லோரும் தடவினால் அவள் தடவுவது யாருக்குத் தெரியப்போகிறது. "மொத மொத கைய நீட்டுனவ யாருன்னு நெனைக்கிறீங்க சார்? கன்னியம்மாதான்" என்று வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வாயாடியையே ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கும் ஒரே குஷி.

அப்புறம் அது அந்த வரிசையின் வழக்கமாகிவிட்டது. நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாவற்றுக்கும் பாட்டில் கூடப் போனது. வேலை இல்லாத மாதங்களில் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் நெல் காயப் போடப் போவார்கள். அந்தக் களத்தில் கை இன்னும் மோசமாகக் காயும். அங்கேயும் குழாயடியில் கைகளை நனைத்துக்கொண்டு பாட்டிலுக்குக் காத்திருப்பார்கள். மற்ற ஊர்ப் பெண்கள் 'எண்ணெக் கும்பல்' என்று பெயர் வைத்தார்கள். நாற்று வழுக்கி ஓடிவிடப் போகிறது என்று கிண்டல் செய்தார்கள். கன்னியம்மா எல்லோருக்கும் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தாள். அந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. பாட்டில் காலியாகும் முன் நான் நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பச்சையம்மாவின் வெடிப்புகள் மூடின. மறுபடி திறக்கவே இல்லை. அவள் சுண்டுவிரல் நேராகவே இருந்தது.

எண்பதுகளில் புதிய கூட்டு மருந்து வந்தது. வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு விடுதலை. பச்சையம்மாவுக்கும் ஒரு நாள் எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. மேடம் அவள் கையைத் துண்டின் மேல் வைத்து, கடைசியாக ஒரு தடவை விரல்களின் பின்பக்கத்தால் தடவிப் பார்த்துவிட்டு, அட்டையில் கையெழுத்துப் போட்டார். அன்று பச்சையம்மா எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபோது, பத்து விரலும் இருக்கிறதா என்று நான் என்னையறியாமல் எண்ணினேன்.

அதற்கடுத்த வாரம் காவாந்தண்டலம் வழியாக வந்துகொண்டிருந்தேன். கால்வாய் மதகடியில் கன்னியம்மா தனியாகக் கை கழுவிக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை காட்டி நிறுத்தினாள். போச்சுடா, இன்றைக்குச் சட்டைக் காலரா, செருப்பா என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். அவள் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். அவள் குரலைத் தணித்துப் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"சார், அவளுக்கு நல்லா ஆயிடிச்சாமே. இனிமே நாங்க எண்ண தடவணுமா, வேணாமா?"

யாருக்கு என்று கேட்டுச் சமாளிக்கலாமா என்று பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"அன்னிக்கி வரப்பு மேல நின்னுக்கினு கூவுனீங்களே, அப்பவே. எங்க எல்லாருக்குமேதான். நீங்க போனப்புறம் அவ நட்ட நாத்து ஒண்ணுகூட நிக்கல. நாங்கதான் ஊனுனோம்." ரோட்டை மறுபடி ஒரு பார்வை பார்த்தாள். "எங்களுக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிப்புடாதீங்க. மனசு ஒடிஞ்சிடுவா."

அத்தனை வருடம். சேற்றுப்புண் என்று அவள் அள்ளிவிட்டதைக் கேட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு பதினோரு பேர் கையை நீட்டியிருக்கிறார்கள். ஏமாந்தது பச்சையம்மாவும் நானும்தான். காலை வெயிலில் மதகுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. என் சைக்கிள் சாய்ந்து விழுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை, அவள்தான் தூக்கி நிறுத்தினாள்.

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. மாத்திரைதான் முடிந்தது, அந்தப் பாதிக் கைக்கு வேர்வை திரும்பாது, எண்ணெய் ஆயுசுக்கும் வேண்டும் என்றேன்.

"ஆயுசுக்குமா?" என்று கேட்டாள். கால்வாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் ஈரக் கையைப் புடவையில் துடைக்கப் போனவள், ஏதோ நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப பெரிய பாட்டிலா குடுங்க சார்" என்றாள்.